தொப்பூரில் கொடுத்த விண்ணப்பம் எப்போது அழியும்?

2023 ஜூலை 24 அன்று தருமபுரி மாவட்டம் தொப்பூரில் முதல்வர் மு.க. ஸ்டாலின் ஒரு முகாமைத் தொடங்கிவைத்தார். பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருவதாக அறிவித்த கலைஞர் மகளிர் உரிமைத்தொகைக்கான விண்ணப்பப் பதிவு அது. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், கரண்ட் பில் என்று கேட்ட அத்தனையையும் பெண்கள் எடுத்து வந்தார்கள். வீட்டு வருமானம், நிலம் எத்தனை ஏக்கர் என்பதெல்லாம் விண்ணப்பத்தில் ஏறின. விரல் ரேகையும் பதிவாயிற்று. மாநிலம் முழுவதும் இப்படிச் சேர்ந்த விண்ணப்பங்கள் சுமார் 1 கோடியே 63 லட்சம். செப்டம்பர் 15 அன்று திட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஏற்கப்பட்டவை சுமார் 1 கோடியே 6 லட்சம். ஐம்பத்தாறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு அன்று மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கவில்லை. அவர்கள் கொடுத்த விவரங்கள் மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டன.

இன்று இப்படிப்பட்ட விவரங்கள் தாலுகா ஆபீஸ் பீரோவில் தங்குவதில்லை. தமிழக அரசுக்குச் சென்னை பெருங்குடியில் எல்காட் வளாகத்தில் தரவு மையம் உண்டு. மத்திய அரசு 2014-இல் 'மேகராஜ்' என்ற பெயரில் அரசுத் துறைகளுக்கான கிளவுட் சேவையைத் தொடங்கியது. அமேசான், மைக்ரோசாஃப்ட் போன்ற தனியார் நிறுவனங்களும் அங்கீகாரம் பெற்று, அரசுத் துறைகளுக்குச் சர்வர்களில் வாடகைக்கு இடம் தருகின்றன. எந்தத் துறையின் எந்தப் பதிவு எந்தச் சர்வரில் கிடக்கிறது என்று வெளியிலிருந்து பார்ப்பவரால் சொல்ல முடியாது. ஆனால் அங்கே ஒரு பதிவு எப்படி வைக்கப்படுகிறது என்பது ஒளிவுமறைவில்லாத அறிவியல். மனிதர் கண்டுபிடித்தவற்றில் மிக அழகான கணக்குகளில் ஒன்று அதற்குள் இருக்கிறது.

7, 5 என்ற இரண்டு எண்களைக் காப்பாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 7-ஐ ஓர் ஊரிலும் 5-ஐ இன்னோர் ஊரிலும் வைக்கிறோம். மூன்றாவது ஊரில் இரண்டின் கூட்டுத்தொகையான 12-ஐ வைக்கிறோம். இரண்டாவது ஊரில் தீப்பிடித்து 5 அழிந்துபோனால் கவலையில்லை. 12-இலிருந்து 7-ஐக் கழித்தால் 5 திரும்ப வந்துவிடும். மூன்றில் எது போனாலும் மற்ற இரண்டு சேர்ந்து அதை மீட்டுவிடும். 1960-இல் இர்விங் ரீட், குஸ்டவ் சாலமன் என்ற இரு அமெரிக்கக் கணித அறிஞர்கள் இதே எண்ணத்தை மிக விரிவான அளவில் செய்து காட்டினார்கள். ஒரு கோப்பைப் பத்துப் பதினைந்து துண்டுகளாக்கி வெவ்வேறு வட்டுகளில் வைக்கலாம். அவற்றில் சில காணாமல் போனாலும் மிச்சத் துண்டுகளிலிருந்து முழுக் கோப்பையும் ஓர் எழுத்துப் பிசகாமல் எழுப்பிவிடலாம். ரேஷன் ஸ்மார்ட் கார்டில் இருக்கும் க்யூஆர் குறியில் கீறல் விழுந்தாலும் இயந்திரம் அதைப் படித்துவிடுகிறதே, அதுவும் இந்தக் கணக்கின் புண்ணியம்தான்.

இதன் பலம் எவ்வளவு? அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை, ஒரு கோடிக் கோப்புகளை வைத்தால் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு ஒரு கோப்பு தொலையலாம் என்ற அளவுக்கு வடிவமைக்கப்பட்டது. கல்வெட்டுக்குக்கூட இத்தனை உறுதி கிடையாது.

இப்படி வேறு இடங்களிலும் வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தென்கொரியா அண்மையில் பார்த்தது. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரிகள் தீப்பிடித்தன. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளைச் சேமித்துவந்த 'ஜி-டிரைவ்' அதில் அழிந்தது. 858 டெராபைட் தரவுக்கு வெளியே நகலே இல்லை. ஆகவே நகல் எடுப்பதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பெண்ணின் பதிவு தொலைந்தால் அவளுடைய பணமும் நின்றுபோகும்.

சிக்கல் மறுமுனையில் இருக்கிறது. எந்தத் துண்டு போனாலும் மீண்டு எழவேண்டும் என்று கட்டிய ஏற்பாட்டிடம், இதை அடியோடு மற என்று சொன்னால் அது எப்படி மறக்கும்? திரையில் 'அழி' என்பதை அழுத்தியதும் முதலில் போவது அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான். கோப்பின் துண்டுகள் வட்டுகளில் அப்படியே கிடக்கும். அந்த இடத்தில் வேறு தரவு வந்து எழுதப்படும்வரை அவை சாகாது. அன்றாடம் எடுக்கும் காப்பு நகல்கள் வேறு இருக்கின்றன. வாடிக்கையாளர் அழிக்கச் சொன்ன தரவு தன் அமைப்புகள் எல்லாவற்றிலிருந்தும் நீங்க ஏறத்தாழ ஆறு மாதம் ஆகலாம் என்று கூகுள் கிளவுட் தன் ஆவணத்திலேயே சொல்கிறது.

இதற்கும் பொறியாளர்கள் வழி கண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பதிவையும் சேமிக்கும் முன்பே ஒரு ரகசிய எண்ணைக் கொண்டு குறியாக்கம் செய்துவிடுவது. அந்த எண்தான் சாவி. 256 பிட் நீளமுள்ள ஒரு சாவியை ஒவ்வொன்றாக முயன்று கண்டுபிடிக்க, உலகத்தின் கணினிகள் எல்லாம் சேர்ந்தாலும் சூரியன் அணைவதற்குள் முடியாது. பதிவை அழிக்க வேண்டிய நாள் வரும்போது உலகெங்கும் சிதறிய துண்டுகளைத் தேடி அலைய வேண்டாம். சாவியை மட்டும் அழித்தால் போதும். துண்டுகள் எத்தனை ஊர்களில் கிடந்தாலும் அந்தக் கணத்திலிருந்து அவை வெறும் இரைச்சல். ஆளுக்கொரு சாவி என்று வைத்தால் ஒரே ஒரு பெண்ணின் பதிவை மட்டும் அடுத்தவருக்குத் தொந்தரவில்லாமல் மறக்கச் செய்யலாம். ஆக, மறக்க முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. மறக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதே கேள்வி.

சாவி விஷயத்தில் நம் நாட்டின் பழக்கம் கவலை தருகிறது. 2020-இல் இணையப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சிலர், கிராமத்துப் பொதுச்சேவை மையங்கள் வழியாக பீம் செயலிக்கு ஆள் சேர்க்கும் இயக்கத்தின் ஆவணங்களை அமேசான் கிளவுடில் கண்டார்கள். சுமார் 72 லட்சம் பதிவுகள். ஆதார், சாதிச் சான்றிதழ், புகைப்படம் எல்லாம் எவரும் பார்க்கும்படி திறந்து கிடந்தன. பீம் செயலியின் தரவு கசியவில்லை என்று அதை நடத்தும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் மறுத்தது. ஆனால் அந்தச் சேமிப்பிடத்தில் பூட்டை யாரும் உடைக்க வேண்டியிருக்கவில்லை. பூட்டப்படவே இல்லை. 2024 மே மாதம் தமிழகக் காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள் வெளியாள் ஒருவர் நுழைந்தார். நிர்வாகிக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல் கைமாறியதே வழி என்று காவல்துறை சொன்னது. கிளவுட் நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் ஒரு பிரிவினை உண்டு. கட்டடம், மின்சாரம், வட்டு இவற்றின் பாதுகாப்பு நிறுவனத்தின் பொறுப்பு. யார் உள்ளே வரலாம் என்று அமைப்பது வாடகைக்கு எடுத்தவரின் பொறுப்பு. மேலே சொன்னவை இரண்டும் இந்த இரண்டாம் பாதியில் நேர்ந்தவை.

சட்டத்துக்கு வருவோம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 2023 ஆகஸ்டில் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தொப்பூர் முகாமுக்கும் அதற்கும் சில வாரங்கள்தான் இடைவெளி. தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய்வரை அபராதம் என்கிறது சட்டம். அந்தப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகும். பறிகொடுத்தவருக்கு நட்ட ஈடு இல்லை. தரவு எந்த நாட்டில் இருக்கலாம் என்பதில் சட்டம் தாராளமானது. மத்திய அரசு தடுக்காத எந்த நாட்டுக்கும் அனுப்பலாம். பணப்பரிவர்த்தனைத் தரவு மட்டும் இந்தியாவில் இருக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018-இலேயே உத்தரவிட்டுவிட்டது.

என்னை உறுத்துவது அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. என் விவரத்தை அழித்துவிடு என்று கேட்கும் உரிமையைச் சட்டம் எல்லோருக்கும் தருகிறது. நோக்கம் நிறைவேறியதும் வைத்திருப்பவரே அழித்துவிட வேண்டும் என்றும் சொல்கிறது. பிறகு 17-ஆம் பிரிவில், இவை இரண்டும் அரசுக்குப் பொருந்தாது என்கிறது. கடைக்காரர் மறக்க வேண்டும். அரசு மறக்க வேண்டியதில்லை. கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரலாம், அடுத்த கடைக்குப் போகலாம். மாதம் ஆயிரம் ரூபாய் தேவைப்படும் பெண்ணுக்கு இன்னொரு அரசு கிடையாது. ஆகவே அவள் விரல் வைத்ததை முழுச் சம்மதம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. மறுக்க இயலாதவரிடம் வாங்கிய தரவுக்குக் காவல் கூடுதலாக இருக்கவேண்டும். சட்டம் நேர்மாறாகச் செய்திருக்கிறது.

தரவே சேகரிக்காதே என்று சொல்வதும் தருமபுரியில் எடுபடாது. பெண் சிசுக்கொலைக்காகப் பேசப்பட்ட மாவட்டம் இது. பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் ஒப்படைக்கச் சொல்லி 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் இங்கேயும் வந்தது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லும் கும்பல்கள் அண்மை ஆண்டுகளில்கூட இங்கே பிடிபட்டன. கர்ப்பிணிகளைப் 'பிக்மி' தளத்தில் பதிந்து எண் கொடுப்பதும், ஸ்கேன் மையங்கள் ஒவ்வொரு பரிசோதனைக்கும் படிவம் நிரப்பி இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று, கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள் கட்டாயப்படுத்துவதும் காரணத்தோடுதான். பதிவான கர்ப்பம் பாதியில் காணாமல் போனால் கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வந்து கேட்பார். பதிவு உயிர் காக்கும். அதே பதிவு வெளியே கசிந்தால்? எந்த வீட்டில் யார் கர்ப்பம், ஏற்கனவே எத்தனை பெண் குழந்தைகள் என்ற பட்டியல் அந்தக் கும்பல்களுக்கு வாடிக்கையாளர் பட்டியல். கருக்கலைந்த ஒரு பெண் அதை ஊரிடமிருந்து மறைத்து வைத்திருக்கலாம். சர்வருக்கு அது தெரியும், பத்து ஆண்டு கழித்தும் தெரியும்.

அந்த ஸ்கேன் படிவ விதியில் ஒரு விவேகம் இருக்கிறது. இரண்டு ஆண்டு என்று எண்ணைப் போட்டு எழுதியிருக்கிறார்கள். வழக்கு இருந்தால் முடியும்வரை வைத்திருக்க வேண்டும். வழக்கு இல்லையென்றால் அந்தக் காலத்துக்கு மேல் வைத்திருக்கச் சட்டம் கேட்பதில்லை.

2025 நவம்பரில் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் அறிவிக்கப்பட்டன. பெரும்பகுதி பதினெட்டு மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும். அவற்றிலும் எண் இருக்கிறது. இரண்டு கோடியோ அதற்கு மேலோ பயனர்கள் உள்ள இணைய விற்பனை நிறுவனம், மூன்று ஆண்டுகள் எட்டிப்பார்க்காத வாடிக்கையாளரின் விவரத்தைப் பொதுவாக அழித்துவிட வேண்டும். நலத்திட்டங்களுக்காக அரசு வைத்திருக்கும் தரவுக்கும் அந்த விதிகளில் ஓர் அட்டவணை உண்டு. தேவைப்படும் காலம்வரை வைத்திருக்கலாம் என்கிறது அது. எத்தனை ஆண்டு என்று சொல்லவில்லை.

நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்துக்கு மேல்முறையீடு உண்டு. ஆகவே அதை மறுநாளே அழிக்கச் சொல்வது அந்தப் பெண்ணுக்கே பாதகம். மேல்முறையீடு முடிந்த பிறகு இத்தனை மாதம் என்று ஒரு வரியை மாநில அரசே ஓர் அரசாணையில் எழுதிவிடலாம். அதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை. அந்த நாள் வந்ததும் சாவி அழிக்கப்பட்டது என்று அந்தப் பெண்ணின் செல்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி போகட்டும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதைச் சொல்ல அந்த எண்ணுக்கு ஏற்கனவே குறுஞ்செய்தி போயிருக்கிறது.