மாமல்லபுரம் கடற்கரையில் கூடும் இருளர்கள்... இவங்க வரலாற்றை காலேஜில் ‘மைனர்’ பாடமா படிக்க முடியுமா?

மாசி மாத பௌர்ணமி. மாமல்லபுரம் கடற்கரையில் எங்கு பார்த்தாலும் புடவையும் குச்சியும் வைத்துக் கட்டிய சின்னச் சின்னக் குடில்கள். இருளர் பழங்குடி மக்கள் பல மாவட்டங்களில் இருந்து குடும்பத்தோடு வந்து தங்குவார்கள். விடியற்காலையில் கடலோரம் கன்னியம்மனை கும்பிடுவார்கள். கல்யாணமும் அங்கேயே நடக்கும்.

பக்கத்தில் இருக்கும் பல்லவர் கோயில் ஸ்கூல் புக்கிலேயே வந்துவிடும். 1984-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அதே மணலில் கூடும் இந்த மக்களின் வரலாற்றைப் படிக்க என்ன வழி?

மைனர் பாடம் என்றால் என்ன?

டிகிரியில் முக்கியப் பாடம் மேஜர். அதோடு சேர்த்து கொஞ்சம் ஆழமாகப் படிக்கும் இன்னொரு பாடம்தான் மைனர். யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்ட வரைவின்படி, 3 வருட டிகிரிக்கு 120 கிரெடிட். அதில் 24 கிரெடிட் மைனருக்கு. தமிழ்நாட்டு கலைக் கல்லூரிகளில் இதற்கு நெருக்கமானது ‘அலைட்’ பேப்பர். வேறு துறைப் பாடத்தைத் தொட்டுப் பார்க்க ‘நான்-மேஜர் எலெக்டிவ்’ உண்டு.

அமெரிக்காவில் எப்படி வந்தது?

ஒரு சமூகத்தின் வரலாற்றையே மைனர் பாடமாக எடுப்பது அங்கே சாதாரணம். உதாரணம், லத்தீனோ ஸ்டடீஸ். மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா போன்ற இடங்களை வேராகக் கொண்ட மக்களைப் பற்றிய படிப்பு இது. 2020 கணக்குப்படி அவர்கள் சுமார் 6.2 கோடி பேர்.

இது தானாகக் கிடைக்கவில்லை. 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் பள்ளி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறிப் போராடினார்கள். அதே வருடம் நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் தொடங்கிய ஸ்டிரைக் 1969 மார்ச் வரை நீடித்தது. கருப்பின, லத்தீனோ, ஆசிய, பூர்வகுடி மாணவர்கள் ஒன்றாக நின்று கேட்டது ஒன்றுதான்: ‘எங்க கதை எங்க பாடத்தில் எங்கே?’ அதன்பிறகுதான் தனித் துறைகள் வந்தன.

இருளர்களைப் பற்றி படிக்க என்ன இருக்கு?

நிறையவே இருக்கு. தமிழ்நாட்டில் மிகவும் நலிவடைந்த பழங்குடிகள் என அறிவிக்கப்பட்ட 6 சமூகங்களில் இருளர் ஒன்று. 2011 கணக்கெடுப்பில் சுமார் 1.89 லட்சம் பேர். பாம்பு பிடித்து தோல் விற்றது பல குடும்பங்களின் பிழைப்பு. 1972 வன உயிரின பாதுகாப்புச் சட்டமும், பின்னால் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அதை நிறுத்தின.

1978-ல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. கிழக்கு கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இன்றும் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, விஷம் எடுத்துவிட்டு, திரும்ப விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தில் இருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. இந்தத் திறமைக்காக மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. அரிசி ஆலை, செங்கல் சூளைகளில் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்டவர்களில் இருளர்கள் அதிகம். 1976-லேயே கொத்தடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

படிச்சு என்ன பயன்?

பழங்குடி சான்றிதழ் என்பது படிப்பு, ஹாஸ்டல், ஸ்காலர்ஷிப், வேலை எல்லாவற்றுக்கும் சாவி. தமிழ்நாட்டில் அதை வழங்குவது ஆர்.டி.ஓ. அளவிலான அதிகாரி. சந்தேகம் வந்தால் மேல் விசாரணை. 1994-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த நடைமுறைப்படி, அந்தக் குடும்பத்தின் தெய்வம், சடங்கு, கல்யாண முறை, இறப்புச் சடங்கு எல்லாம் விசாரிக்கப்படும். அதாவது, ஒரு மாணவியின் சீட் அவர் சமூகத்தின் பழக்கவழக்கம் பற்றி ஒரு அதிகாரிக்கு என்ன தெரியும் என்பதிலும் மாட்டிக்கொள்ளலாம். நீலகிரி இருளரும் செங்கல்பட்டு இருளரும் ஒரே மாதிரி வாழ்வதில்லை. அது தெரியாமல் கேள்வி கேட்டால் பதில் தப்பாகத்தான் தெரியும்.

அரைகுறையாகத் தெரிந்தால் குழப்பம் வரும் என்பதற்கு ‘ஜெய் பீம்’ ஒரு உதாரணம். 1993-ல் நடந்த நிஜ சம்பவத்தில் பாதிக்கப்பட்டது குறவர் குடும்பம். படத்தில் இருளராகக் காட்டப்பட்டது. படம் பார்த்த பலருக்கு இரண்டு சமூகத்தின் கதையும் ஒன்றாகிவிட்டது.

செங்கல்பட்டு மாணவர்கள் என்ன செய்யலாம்?

அலைட் பேப்பர் பட்டியலை முடிவு செய்வது பல்கலைக்கழகம். மாணவர் கையில் இருப்பது பெரும்பாலும் கடைசி வருட ப்ராஜெக்ட். வரலாறு, தமிழ், சமூகவியல், விலங்கியல் என எந்தத் துறையில் இருந்தாலும் இந்தத் தலைப்பை எடுக்கலாம். மேற்படிப்புக்கு சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் துறை இருக்கிறது. பழைய பதிவுக்கு எட்கர் தர்ஸ்டன் 1909-ல் 7 தொகுதிகளாக வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ உதவும். ஆனால் அது ஒரு ஆங்கிலேய அதிகாரியின் பார்வை என்பதை மறக்கக் கூடாது.

முக்கியமாக ஒன்று. ஊருக்குள் போய் கேட்கும் முன் அந்த மக்களிடம் அனுமதி வாங்க வேண்டும். எழுதியதை அவர்களிடமே வாசித்துக் காட்ட வேண்டும். அமெரிக்க மாணவர்கள் கேட்டதும் அதைத்தான்: எங்க வரலாற்றை எழுதும்போது எங்களையும் கேளுங்க.