கடற்பன்றியும் கழியொலியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நீர்வேலி போன்ற உட்பகுதிக் கிராமங்களுக்கும் கடல் சில மைல் தொலைவிலேயே இருக்கின்றதெனினும், அக்கடலின் பாலூட்டிகளுள் ஓங்கிலை அறிந்தவர் பலர், கடற்பன்றியை அறிந்தவர் சிலரே. ஓங்கிலுக்கு உறவான இவ்விலங்கு ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் நீளமே வளர்வது. இந்து சமுத்திரக் கரையோரங்களில் வாழும் இனத்துக்கு முதுகுச் செட்டையும் இல்லை. துள்ளிப் பாயாமல், தனித்தோ இரண்டு மூன்றாகவோ மேலெழுந்து மூச்செடுத்த கணமே அது மறைந்துவிடுவதால், சிறிது அலை எழுந்தாலும் படகிலிருந்து கண்ணால் எண்ணுவது மிகக் கடினம். பாக்கு விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் இந்தியக் கரையில் அது பதிவாகியிருப்பது பெரும்பாலும் வலையில் மாண்ட அல்லது கரையொதுங்கிய உடல்களைக் கொண்டே. அவ்வுடல்களை எண்ணி, உயிரோடுள்ளவை எத்தனை என அறிய இயலாது.

கண்ணுக்குத் தப்பும் இவ்விலங்கு காதுக்குத் தப்புவதில்லை. ஆனால் அந்தக் காது மனிதக் காதன்று. கலங்கிய நீரில் இரையையும் தடையையும் எதிரொலியால் அறிவதற்காகக் கடற்பன்றி இடைவிடாது ‘கிளிக்’ எனப்படும் நுண்ணொலித் துடிப்புகளை எழுப்புகின்றது. மனிதர் கேட்கும் எல்லை 20 கிலோஹேர்ட்சு மீடிறனோடு முடிய, இத்துடிப்புகள் 130 கிலோஹேர்ட்சை ஒட்டிய ஒடுங்கிய கழியொலிப் பட்டையில் அமைகின்றன. பெரும் பகையான ஓர்க்காவின் செவிப்புலன் 100 கிலோஹேர்ட்சுக்கு மேல் விரைந்து மங்குவதால், அதற்குக் கேளாத உயரத்துக்கு இவ்வொலி பரிணமித்தது என ஆய்வாளர் கருதுகின்றனர்.

இவ்வொலியைக் கேட்கும் காது நீரொலிவாங்கி. இலங்கைக் கடலுக்கு அது புதிதன்று. 1980களின் தொடக்கத்தில் ‘டியூலிப்’ என்ற பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர் ஹால் வைட்ஹெட் குழுவினர் திருகோணமலைக்கு அப்பால் எண்ணெய்த் திமிங்கிலங்களை ஒலியால் பின்தொடர்ந்தனர். 1984இல் நீலத் திமிங்கிலத்தின் பாடலும் அங்கே பதிவாயிற்று. அப்பேருயிர்களின் தாழ்ந்த ஒலி வெகுதூரம் செல்வது. கழியொலியையோ நீர் விரைந்து உறிஞ்சிவிடுவதால், கடற்பன்றியின் துடிப்பு சில நூறு மீற்றருக்குள் தேய்ந்துவிடும். எனவே ஒரு கருவி போதாது, கட்டம் கட்டமாகப் பல வேண்டும். முழு ஒலியையும் பதிவதாயின் நொடிக்கு 2,80,000 மாதிரிகளுக்கு மேல் எடுக்க வேண்டும்; ஒரு கருவிக்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ 48 கிகாபைட் நிரம்பிவிடும். இதனால், துடிப்பின் நேரம், நீளம், மீடிறன், உரப்பு ஆகியவற்றை மட்டும் குறித்துக்கொண்டு மாதக்கணக்கில் கடலடியில் கிடக்கும் கருவிகளே பயன்படுகின்றன. வெப்பக் கடலில் சொடுக்கு இறால்கள் ஓயாது பொரியும் ஓசையும் கழியொலிவரை எட்டுமாயினும், அது பரந்த பட்டையில் சிதறுவது. கடற்பன்றியின் துடிப்போ ஒடுங்கிய பட்டையில் சீரான தொடராக வருவது. பிரித்தறிய வழி இதிலேயே இருக்கிறது.

இம்முறையின் ஆற்றலை மெக்சிக்கோவின் கலிபோர்னியா வளைகுடாவில் மட்டும் வாழும் வக்கீட்டா என்ற கடற்பன்றியிடம் காணலாம். 46 இடங்களில் ஆண்டுதோறும் கோடையில் வைத்த கருவிகள், 2011 முதல் 2015 வரை அதன் தொகை ஆண்டுக்குச் சராசரி 34 சதவீதம் சரிந்ததைக் காட்டின. 2016இல் எஞ்சியவை ஏறத்தாழ முப்பது. காரணம் செவுள் வலை. கணிப்பு தெளிவாக இருந்தும் வலைகள் கடலை விட்டு நீங்கவில்லை என்பதுதான் நெஞ்சைச் சுடும் பகுதி.

பாக்கு நீரிணையில் இக்கேட்பு, சரிவு தொடங்கியதாகத் தெரிந்த பின்னர் அன்று, இப்போதே தொடங்கப்பட வேண்டும்; பல ஆண்டுப் பதிவு இல்லாமல் ஏற்றமோ இறக்கமோ புலப்படாது. எல்லைக்கோட்டை மதியாத உயிராதலால் கருவிகள் இரு கரையிலும் வேண்டும். கடலடியை வாரும் இழுவைமடி கருவியையும் வாரிச் சென்றுவிடும். அத்தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்திருப்பினும், எவ்விடத்தில் எப்பருவத்தில் எவ்வலை இறங்கும் என்பதைக் கடற்றொழிலாளரே அறிவர். ஆகவே கருவி வைக்கும் இடங்களை அவர்களோடு இருந்தே குறிக்க வேண்டும்.