மூன்று நிமிடம் இருபது வினாடி

யோங் பெங்கில் ரயில் நிலையம் கிடையாது. நெடுஞ்சாலைப் பேருந்துகள் நின்று இளைப்பாறிப் போகும் ஊர் இது. ரயிலைப் பார்க்க ஆயர் ஹீத்தாம் வழியாகக் குளுவாங்குக்கோ, வடக்கே லாபிஸுக்கோதான் போக வேண்டும். ஆனால் தோட்டத்து லயன்களில் வளர்ந்த பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். குளுவாங் என்றதும் ரயில் வந்துவிடும். கூடவே ஸ்டேஷன் கேண்டீன் கோப்பியும், கரியடுப்பில் வாட்டிய ரொட்டியும். 1938இல் தொடங்கிய அந்தக் கேண்டீனின் பெயர் இன்று நாடெங்கும் தெரியும்.

அந்த ரயிலை ஒரு காலத்தில் படம் பிடித்தவர்கள் உண்டு. மலாயாவில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்கள், எஞ்சின் பார்ப்பதற்கென்றே கடல் கடந்து வந்த ரயில் பிரியர்கள், கேமரா வாங்க வசதி இருந்த உள்ளூர்க்காரர்கள். அவர்கள் எடுத்த சுருள்கள் இன்று கணினிக்கு மாற்றப்பட்டுக் கைமாறி வருகின்றன. 1965இல் வந்த சூப்பர் 8 கேமராவில் ஒரு சுருள் ஐம்பது அடி. சாதாரண வேகத்தில் மூன்று நிமிடம் இருபது வினாடி ஓடும். பெரும்பாலும் ஒலி கிடையாது. சுருள் விலை அதிகம் என்பதால் வண்டி வரும் வரை காத்திருந்து பொத்தானை அழுத்துவார்கள். கடைசிப் பெட்டி தாண்டியதும் கையை எடுத்துவிடுவார்கள்.

கிம்மாஸிலிருந்து ஜோகூர் பாரு வரை சுமார் 190 கிலோமீட்டர். ஜோகூர் அரசின் செலவில் போடப்பட்ட இந்தப் பாதை 1909இல் திறக்கப்பட்டது. 1923இல் சிங்கப்பூருக்குப் போகும் கடற்பாலத்தின் மேல் ரயில் ஓடத் தொடங்கும் வரை, ஜலசந்தியைப் படகில்தான் கடக்க வேண்டியிருந்தது. தண்டவாளத்தின் அகலம் ஒரு மீட்டர். எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் போன பழைய வண்டிக்கும் இதே மீட்டர் கேஜ்தான். ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அதே அகலப் பாதையைத்தான் இங்கேயும் கண்டார்கள். 1957இல் இங்கிலீஷ் எலக்ட்ரிக் டீசல் எஞ்சின்கள் வந்து சேர்ந்தன. எழுபதுகளில் நீராவி ஓய்ந்தது. பழைய சுருள்களில் பல, அந்த மாற்றத்துக்கு முன் அவசர அவசரமாக எடுக்கப்பட்டவை.

அவற்றில் ரசிகர்கள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. ஸ்டேஷன் ஆள் பிளாட்பாரத்தின் ஓரத்தில் பெரிய வளையமொன்றை உயர்த்திப் பிடித்து நிற்கிறார். எஞ்சின் நெருங்குகிறது. ஓட்டுநர் பக்கத்துக் கை வெளியே நீண்டு வளையத்தைத் தோளோடு வாரிக்கொள்கிறது. அந்த வளையத்தில் தொங்கும் பைக்குள் இருப்பது டோக்கன். ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடக் கூடாது அல்லவா? அதற்காக இரு ஸ்டேஷன்களிலும் மின்கம்பியால் பிணைத்த பெட்டிகள் இருக்கும். ஒரு டோக்கனை வெளியே எடுத்துவிட்டால், அது இந்த முனையிலோ அந்த முனையிலோ பெட்டிக்குத் திரும்பும் வரை இன்னொன்றை எடுக்க முடியாது. டோக்கன் கையில் இல்லாத ஓட்டுநர் அடுத்த ஸ்டேஷனை நோக்கி நகர முடியாது. அத்தனை பயணிகளின் உயிரும் அந்த வளையத்தில்தான். சிங்கப்பூரின் புக்கிட் தீமா நிலையத்தில் இந்தக் கைமாற்றம் 2011 ஜூன் 30 வரை நடந்தது. அன்றோடு மூடப்பட்ட தஞ்சோங் பாகார் நிலையத்திலிருந்து இரவில் புறப்பட்ட கடைசி வண்டியை ஓட்டியவர் ஜோகூர் சுல்தான் இப்ராஹிம். வழிநெடுக நின்றவர்கள் கையில் அன்று கேமராவுக்குக் குறைவில்லை.

வளையத்தை நீட்டியவர் யார்? படம் சொல்லாது. எஞ்சினின் எண்ணை ரசிகர்கள் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள். பக்கத்தில் நிற்கும் மனிதரின் பெயரைச் சொல்ல ஆளில்லை. இத்தனைக்கும் மலாயா ரயில் பெருமளவு தமிழர் உழைப்பு. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை ஓடிய முதல் பாதையைப் போட வந்தது இலங்கையின் பயனியர் படை. ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர்கள் நிறைந்திருந்தார்கள். செந்தூல் பட்டறையிலும் தண்டவாள கேங்குகளிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். வெயிலில் ஜல்லியைக் கிளறி, மரக்கட்டைக்கு அடியில் இடித்து இறுக்கி, வண்டி வரும்போது மண்வெட்டியோடு ஓரம் ஒதுங்கிய அந்த மனிதர்கள் சட்டகத்தின் விளிம்பில் அரை நொடி தெரிகிறார்கள். அந்த அரை நொடிதான் அந்தச் சுருளின் விலைமதிக்க முடியாத பகுதி.

அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். படத்தில் இல்லாத ஒலியை அவர்கள் தருவார்கள். இன்ன கேட்டில் இன்னார் கொடி பிடித்தார், இன்ன மெயில் வந்தால் அம்மா உலை வைப்பார் என்று அவர்கள் சொல்லும்போது, ஊமைப்படத்துக்கு நேரமும் பெயரும் வந்துவிடும். அதனால் பழைய படத்தைப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறவர்கள், பக்கத்தில் கைப்பேசியை வைத்து அவர்கள் பேச்சையும் பதிவு செய்துகொள்வது நல்லது. வளையம் வரும் இடத்தில் படத்தை நிறுத்தி, முகத்தைப் பெரிதாக்கி, நிதானமாகக் கேட்கலாம்.

2025இல் மின்ரயில் குளுவாங்குக்கும் வந்துவிட்டது. ஒற்றைத் தடம் இரட்டைத் தடமாகி, பழைய பிளாட்பாரங்கள் பலவற்றுக்குப் பக்கத்தில் கான்கிரீட் நிலையங்கள் எழுந்துள்ளன. ஆனால் பழைய தடத்தைக் காட்டும், இன்னும் திறக்காத சுருள் டப்பா யார் வீட்டு அலமாரியிலாவது இருக்கலாம். மூடியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால், உள்ளே இருக்கும் அசிடேட் படலம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். குளிரான இடத்தில் வைத்தால் சிதைவு மெதுவாகும், நிற்காது. மற்ற சுருள்களை விட்டுத் தனியே எடுத்துவைத்து, முதலில் படியெடுக்க வேண்டியது அதைத்தான்.