தன்னைத் தானே விதைக்கும் புழு

வயிற்றுப் புழுக்களுள் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கொழுக்கிப்புழு மனிதனின் குடலில் எத்தனை ஆயிரம் முட்டையிட்டாலும், அம்முட்டைகள் வெளியே மண்ணிற் கிடந்து பொரித்த பின்னரே அவற்றின் குடம்பிகள் மறுபடி ஒருவரைப் பற்ற முடியும். நோயாளி மீண்டும் அம்மண்ணை மிதியாதிருப்பின், உள்ளேயுள்ள புழுக்கள் சில ஆண்டுகளில் மூப்பெய்தி மடிந்துவிடும்.

ஸ்ட்ரோங்கிலோயிடிஸ் என்னும் புழு இக்கட்டுப்பாட்டுக்கு அடங்குவதில்லை. இதன் குடம்பியும் வெறுங்காலின் தோலைத் துளைத்தே உட்புகும். குருதியோடு நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலிற் குடியேறும். பெண்புழுவின் நீளம் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர். ஆணின் துணையின்றியே முட்டையிடும். விந்தை இனித்தான் தொடங்குகிறது. முட்டைகள் குடலினுள்ளேயே பொரித்துவிடுகின்றன. குடம்பிகளிற் பல மலத்துடன் வெளியேறிவிட, சில மாத்திரம் உள்ளேயே முதிர்ந்து, குடற்சுவரையோ குதத்தை அடுத்த தோலையோ துளைத்து மீண்டும் குருதியிற் கலக்கின்றன. நோயாளியே தமக்கு நோயைத் தொற்றுவிக்கின்றார். அதுவும் தாம் அறியாமலே!

இது எத்தனை காலம் நீடிக்கும்? 1942, 1943ஆம் ஆண்டுகளில் யப்பானியர் அமைத்த சயாம்–பர்மா ரயில்பாதையை வாசகர் அறிவர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழரும் நேசநாட்டுப் போர்க்கைதிகளும் ஆயிரமாயிரமாய் மாண்ட இடம் அது. அங்கிருந்து தாயகம் மீண்ட பிரித்தானியக் கைதிகளை, 30 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து லிவர்பூல் நகர மருத்துவர்கள் சோதித்தபோது, பலரது உடலில் இப்புழு வாழ்ந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தின் குளிர்மண்ணில் இது தொற்றியிருக்க வழியில்லை. சிலருக்கு முதுகிலும் பிட்டத்திலும் அவ்வப்போது அரிப்புடன் கூடிய ஒரு செந்தடிப்புத் தோன்றி, விரைந்து ஊர்ந்து, மறைந்துபோகும். அதனை யார்தான் பழைய காட்டுடன் தொடர்புபடுத்துவர்?

உடலின் எதிர்ப்புச் சக்தி இருக்கும்வரை புழுக்களின் தொகை ஓரளவில் நிற்கும். தொய்வு முதலிய நோய்களுக்காக ஸ்டீரொயிட் மருந்து உட்கொள்ளும்போது அக்காவல் தளர்கிறது. குடம்பிகள் அளவின்றிப் பெருகி நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவுகின்றன. குடலிலுள்ள பக்டீரியாக்களையும் குருதிக்குள் இழுத்துச் செல்கின்றன. அந்நிலையில் உயிர் பிழைப்பது அரிது. 2020இல் கொவிட் நோயாளருக்கு டெக்சாமெதசோன் வழங்கத் தொடங்கியபோது, மருத்துவர்கள் இவ்வாபத்தை நினைவூட்டினர்.

பரிகாரமோ வெகு எளிது: ஐவர்மெக்டின் மாத்திரை ஓரிரு நாள் போதும். ஆதலால், ஈரமண்ணில் வெறுங்காலுடன் உழைத்துப் பழகியவர் ஸ்டீரொயிட் தொடங்குமுன் அதனை வைத்தியரிடம் கூறுதல் நன்று. ஒரேயொரு மலப் பரிசோதனையில் இப்புழு பெரும்பாலும் அகப்படாது. குருதிப் பரிசோதனையும் கேட்டுச் செய்வித்துக்கொள்ளலாம்.