வைட் லென்ஸ் வாங்கும் முன் அடி எண்ணுங்கள்

(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு)



நம்மில் பலர் முகூர்த்த நாட்களில் ஸ்டுடியோ வேலைக்குப் போகிறோம் என்பது ஆசிரியர்களுக்கும் தெரிந்த ரகசியம்தான். லைட் பிடிக்க ஒருவர், பெட்டி தூக்க ஒருவர், ராத்திரி உட்கார்ந்து ஆல்பம் டிசைன் பண்ண ஒருவர். இப்படிப் போகிறவர்கள் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் கேட்கிற கேள்வி இது: ஃபுல் ஃபிரேம் கேமராவுக்குக் குறைந்த விலையில் எந்த வைட் ஆங்கிள் லென்ஸ் வாங்கலாம்?

என்னிடம் இதைக் கேட்டவர் நான் உதவிக்குப் போகும் ஸ்டுடியோ அண்ணன். அவரிடம் இருப்பது பழைய கேனான் 6டி, அதோடு ஒரு 24-105 மி.மீ. லென்ஸ். புது லென்ஸுக்கு அவர் ஒதுக்கியது 25 ஆயிரம் ரூபாய். அது அண்ணியின் வளையலை அடகு வைத்த பணம். "நீதான் டிப்ளமோ படிக்கிறியே, கணக்குப் போட்டுச் சொல்லுடா" என்றார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா வலை கட்டுகிறவர். நான் படித்த படிப்பை நம்பி ஒருவர் அடகுப் பணத்தை இறக்குகிறார் என்றால் வாய்க்கு வந்ததைச் சொல்ல முடியுமா? ஒரு மாதம் கணக்கும் கையுமாக அலைந்தேன். அந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஃபுல் ஃபிரேம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். கேமராவுக்குள் இருக்கும் சென்சாரின் அகலம் 36 மி.மீ., உயரம் 24 மி.மீ. இந்த அளவு டிஜிட்டல் காலத்தில் வந்ததல்ல. சினிமா ஃபிலிமின் இரண்டு ஃபிரேமைச் சேர்த்து ஒரு படமாக்கியதில் பிறந்தது. 1925-ல் ஜெர்மனியில் லைக்கா கேமரா சந்தைக்கு வந்தபோது உலகமெங்கும் பரவியது.

இப்போது முதலாமாண்டில் படித்த ஒத்த முக்கோணத்தை ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். லென்ஸுக்குப் பின்னால் ஒரு சின்ன முக்கோணம்: உயரம் குவிய தூரம், அடி 36 மி.மீ. லென்ஸுக்கு முன்னால் ஒரு பெரிய முக்கோணம்: உயரம் நாம் நிற்கும் தூரம், அடி படத்தில் விழும் அகலம். ஆகவே 36-ஐக் குவிய தூரத்தால் வகுத்து, நிற்கும் தூரத்தால் பெருக்கினால் படத்தில் எத்தனை அடி அகலம் விழும் என்பது வந்துவிடும். பத்தடி தள்ளி நின்றால் 50 மி.மீ. லென்ஸில் 7 அடி, 35-ல் சுமார் 10 அடி, 24-ல் சரியாக 15 அடி, 20-ல் 18 அடி, 16-ல் இருபத்திரண்டரை அடி. ஒன்றைக் கவனித்தீர்களா? 50-லிருந்து 46-க்கு வந்தால் அரை அடிதான் கூடுகிறது. 20-லிருந்து 16-க்கு வந்தால் நாலரை அடி கூடுகிறது. எண் சின்னதாக ஆக ஆக ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் மதிப்பு ஏறும். விலையும் அப்படித்தான் ஏறும்.

அதனால் லென்ஸ் கடைக்குப் போகும் முன் நாம் வேலை செய்கிற இடத்துக்குப் போக வேண்டும். நான் போனேன். எங்களுக்கு வழக்கமாக வேலை வரும் மண்டபத்தில் மணமேடை அகலம் 24 அடி. மேடைக்கு எதிரே வீடியோக்காரர் ஸ்டாண்டு, அதற்குப் பின்னால் சொந்தபந்தங்களின் நாற்காலி. நமக்கு மிஞ்சுவது 12 அடி. அதற்குமேல் பின்னால் போனால் யாருடைய மடியிலாவது உட்கார வேண்டியதுதான். 12 அடியில் 24 மி.மீ. தருவது 18 அடி அகலம். மேடையில் கால் பங்கு போய்விடும். 20 மி.மீ. தருவது இருபத்தொன்றரை. 17 மி.மீ. தருவது 25 அடி. ஆக அண்ணனுக்கு வேண்டியது 17. கடையில் 14 மி.மீ.-ஐக் காட்டி ஆசை காட்டினாலும் அது நமக்கு அவசியமில்லை.

உங்களுக்கு வேண்டியது வேறு எண்ணாக இருக்கலாம். அதைச் செலவில்லாமல் கண்டுபிடிக்க ஒரு வழி: பல கைபேசிகளில் சாதாரண 1 எக்ஸ் என்பது ஃபுல் ஃபிரேம் கணக்கில் சுமார் 24-26 மி.மீ. 0.5 என்ற பட்டன் பெரும்பாலும் 13-ஐ ஒட்டி வரும். ஒரு வாரம் வேலைக்குப் போகும் இடத்திலெல்லாம் இரண்டிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். 1 எக்ஸே போதும் என்று தெரிந்தால், கேமராவோடு வந்த 24-70 அல்லது 24-105 உங்களுக்குப் போதும். காசு மிச்சம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். வைட் லென்ஸில் குரூப் போட்டோ எடுத்தால் ஓரத்தில் நிற்பவர்கள் பருத்துத் தெரிவார்கள். லென்ஸ் மட்டமானது என்று பலர் நினைக்கிறார்கள். ஆயிரம் டாலர் லென்ஸிலும் இது நடக்கும். உருண்டையான தலையைச் சாய்வான கோணத்திலிருந்து தட்டையான சென்சாரில் விழவைத்தால் அது நீள்வட்டமாகத்தான் விழும். எத்தனை மடங்கு இழுபடும் என்பதையும் பிதகோரஸே சொல்லிவிடுவார். சென்சாரின் பாதி அகலம் 18. குவிய தூரம் 24 என்றால் கர்ணம் 30. நம்முடைய பழைய 3-4-5 முக்கோணமேதான். 30-ஐ 24-ஆல் வகுத்தால் 1.25. ஓரத்தில் நிற்பவரின் தலை உயரத்தைவிட அகலத்தில் கால் பங்கு அதிகமாக விழும். 35 மி.மீ.-ல் இது 1.12 தான், கண்ணுக்குத் தெரியாது. 20-ல் 1.35. 16-ல் 1.5, அதாவது ஒன்றரை மடங்கு!

கல்யாண குரூப்பில் ஓரத்தில் நிற்பது யார்? மாப்பிள்ளையின் முதலாளி நடுவில் நிற்பார். ஓரத்தில் நிற்பது கூப்பிட்ட பிறகு தயங்கித் தயங்கி வரும் சித்தி, கண் சரியாகத் தெரியாத பாட்டி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் தெருவில் அதற்கு முந்தைய ஆல்பம் தப்பிய வீடுகள் மிகக் குறைவு. எங்கள் அப்பாயிக்கு இருக்கிற ஒரே படம், பின்னால் நடந்த ஒரு கல்யாணத்தில் குரூப்பின் ஓரத்தில் நின்றது. அதைத்தான் வெட்டிப் பெரிதாக்கிச் சாமி மாடத்தின் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். எடுத்தவர் யாரென்று தெரியாது. நல்ல வேளையாக அவர் பின்னால் தள்ளி நின்று எடுத்திருக்கிறார். முகம் முகமாகவே இருக்கிறது.

ஆகவே மேடை அலங்காரத்துக்கு 17; ஆட்களை வரிசையாக நிறுத்தினால் 24-க்குக் கீழே இறங்காதீர்கள், இடமிருந்தால் 35. வேறு வழியே இல்லாமல் 17-ல் எடுக்க நேர்ந்தால் இருபக்கமும் ஓர் ஆள் இடம் காலியாக விட்டு எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாம் வைத்திருக்கும் ஃபிளாஷ்களின் வெளிச்சம் பெரும்பாலும் 20 அல்லது 24 மி.மீ. கோணம் வரைதான் பரவும். அதற்கும் அகலமாகப் போனால் ஓரம் இருட்டடிக்கும். தலைப்பகுதியில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் தகட்டை இழுத்து முன்னால் மடக்க வேண்டும். பலர் அதை இழுத்துப் பார்த்ததே இல்லை.

சரி, எந்த லென்ஸ்? முதலில் மவுண்ட் பொருந்துகிறதா என்று பாருங்கள். கேனானில் ஈ.எஃப்.எஸ். என்று எழுதிய லென்ஸ் சின்ன சென்சாருக்கானது. 6டி போன்ற ஃபுல் ஃபிரேமில் மாட்டவே மாட்டாது. நிக்கானில் டி.எக்ஸ். லென்ஸ் மாட்டும், ஆனால் கேமரா படத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். டி750-ன் 24 மெகாபிக்ஸல் சுமார் பத்தாகக் குறையும். விலை மலிவாக இருக்கிறதே என்று இவற்றை வாங்கினால் நஷ்டம்தான். நிக்கானின் பழைய 20 மி.மீ. எஃப்/2.8 டி போன்றவற்றில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. டி750 தன் மோட்டாரால் அதைத் திருப்பிவிடும். மோட்டார் இல்லாத சிறிய பாடிகளிலும், எஃப்.டி.இசட். அடாப்டர் போட்ட மிரர்லெஸ்ஸிலும் கையால்தான் ஃபோகஸ் பண்ண வேண்டும்.

அடுத்தது துளை, அதாவது எஃப் எண். எஃப்/4-ஐவிட எஃப்/2.8 இரண்டு மடங்கு வெளிச்சம் விடும், விலையும் எடையும் எகிறும். மேடைக் குரூப்பை எப்படியும் ஃபிளாஷ் போட்டு எஃப்/5.6 அல்லது 8-ல்தான் எடுப்போம். அங்கே 2.8-க்குக் கொடுத்த பணம் தூங்கும். வேளாங்கண்ணி திருவிழாவில், ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை, ராத்திரித் தேர் பவனியை ஃபிளாஷ் இல்லாமல் கூட்டத்துக்குள் நின்று எடுப்பவருக்கு 2.8 நிச்சயம் வேண்டும்.

மிரர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்று நல்ல காலம். கேனான் 2021-ல் ஆர்.எஃப். 16 மி.மீ. எஃப்/2.8 கொண்டு வந்தது. எடை 165 கிராம்தான், அறிமுக விலை 299 டாலர். அதன் கோணல்களைக் கேமராவின் மென்பொருளே நிமிர்த்திக் கொடுக்கிறது. அந்த விலைக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சோனிக்கு டாம்ரானின் 20 மி.மீ. எஃப்/2.8 இருக்கிறது, அறிமுக விலை 349 டாலர். அதே கம்பெனியின் 17-28 எஃப்/2.8 2019-ல் 899 டாலருக்கு வந்தது. இவை டாலர் கணக்கு. நம் ஊர் வந்து சேரும்போது சுங்கமும் ஜி.எஸ்.டி.யும் ஏறியிருக்கும். கோயில், கட்டடம் மட்டும் எடுப்பவருக்குச் சம்யாங் 14 மி.மீ. போன்ற கையால் ஃபோகஸ் பண்ணும் லென்ஸே போதும். ஆனால் அதன் முன்கண்ணாடி குமிழ் போலப் புடைத்திருப்பதால் சாதாரண ஃபில்டர் மாட்ட முடியாது. உப்புக்காற்று அடிக்கும் நம் கடற்கரையில் எனக்கு அது உறுத்துகிறது.

அண்ணனுக்கு நான் சொன்னது பழைய கேனான் 17-40 எஃப்/4 எல். 2003-ல் வந்த லென்ஸ். 17-ல் முழுத்துளையில் மூலைகள் மங்கல்தான், மறைக்கவில்லை. எஃப்/8-ல் தெளிவாகிவிடும், நமக்கு வேண்டியதும் அங்கேதான். முன்னால் 77 மி.மீ. ஃபில்டர் மாட்டலாம். செகண்ட் ஹேண்டில் எங்கள் 25 ஆயிரத்துக்குள் கிடைத்தது. நிக்கான்காரர்கள் 2013-ல் வந்த 18-35 எஃப்/3.5-4.5-ஐத் தேடிப் பார்க்கலாம்.

கோபுரம் எடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு. கேமராவை அண்ணாந்து தூக்கினால் கோபுரம் பின்னால் சாய்ந்து கூம்பும். நேராக வைத்தால் சாயாது. நாகூர் தர்காவின் பெரிய மினாரா 131 அடி. கேமராவை 5 அடி உயரத்தில், செங்குத்தாகத் திருப்பி, மட்டமாக வைத்தால் மீதி 126 அடியும் சென்சாரின் பாதியான 18 மி.மீ.-க்குள் விழ வேண்டும். 24 மி.மீ. லென்ஸுக்கு 168 அடி பின்னால் போக வேண்டும். 16-க்கு 112 அடி. 35-க்கு 245 அடி. என் ஓர் எட்டு இரண்டரை அடி. உங்கள் எட்டை அளந்துகொண்டு போய் எண்ணிப் பாருங்கள். படத்தின் கீழ்ப்பாதி வெறும் தரையாக வரும், அதை வெட்டிவிடலாம்.

கையில் காசே இல்லையா? அதற்கும் நம் பக்கத்திலேயே பழைய வழி ஒன்று இருக்கிறது. 1858-ல் லினியஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர், தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை எடுக்க வந்தார். எந்த லென்ஸிலும் அடங்காத நீளம். துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். இன்று அதைக் கணினி சில நிமிடத்தில் செய்துவிடும். 50 மி.மீ. லென்ஸைச் செங்குத்தாகப் பிடித்து, ஒவ்வொரு படமும் முந்தையதன் மூன்றில் ஒரு பங்கைத் தொடும்படி எடுங்கள். வெளிச்ச அளவையும் ஃபோகஸையும் நடுவில் மாற்றாதீர்கள். அசையாத பொருளுக்கு மட்டும்தான் இது. பந்தியில் முயன்றால் ஒரே ஆள் இரண்டு இலையில் உட்கார்ந்திருப்பார்.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போனால் டார்ச் லைட் கட்டாயம். துளையை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து வெளிச்சம் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். நாலைந்து தூசு இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை போலக் கிளைகிளையாக இருந்தால் அது ஃபங்கஸ். அது கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும், துடைத்தாலும் தடம் போகாது. விலையைப் பாதியாகக் குறைத்தாலும் வேண்டாம். ஃபோகஸ் வளையத்தைக் காதருகே வைத்துத் திருப்புங்கள். நறநற என்றால் கடல்மணல் உள்ளே போயிருக்கிறது. பிறகு சுவரில் தினத்தந்தி தாள்களைத் தட்டையாக ஒட்டி, கேமராவை ஸ்டாண்டில் நேராக நிறுத்தி ஒரு படம். நாலு மூலையும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் மோசமென்றால் எப்போதோ கீழே விழுந்து கண்ணாடி நகர்ந்த லென்ஸாக இருக்கலாம். நாங்கள் முதலில் பார்த்த லென்ஸ் இந்தத் தாளிலேயே தோற்றது. விற்றவர் கோபித்துக்கொண்டார், அண்ணன் பணத்தைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.

வாங்கியதை ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல்பையிலேயே பூட்டி வைக்காதீர்கள், ஃபங்கஸுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. காற்றுப் புகாத சமையலறை டப்பா ஒன்றும் நூறு கிராம் நீல சிலிக்கா ஜெல்லும் போதும். ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும் (அந்த வாணலியை அம்மாவிடம் திருப்பிக் கொடுக்காதீர்கள்). சிலர் அரிசியில் புதைக்கச் சொல்கிறார்கள். தவிட்டுத் தூசு உள்ளே போகும், வேண்டாம்.

பழைய லென்ஸ் பார்க்கப் போகும் யாருக்காவது துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சாயங்காலம் மெஷின் ஷாப் பக்கம் வாருங்கள். டார்ச்சும் பேப்பரும் என்னிடம் இருக்கிறது.