பிள்ளையை விமானியாக்க விரும்பும் பெற்றோருக்கு

மேனிலை வகுப்பில் இயற்பியலும் கணிதமும் பயின்று தேறிய நம் பிள்ளைகளுள் சிலர் விமானியாக வேண்டுமென ஆசைப்படுகின்றனர். ஆசை நல்லதே. ஆனால் அதற்காகும் தொகை ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வீட்டையோ நிலத்தையோ விழுங்கிவிடக் கூடியது. ஆதலின் பயிற்சிப் பள்ளியைத் தெரிவு செய்யுமுன் பெற்றோர் சிலவற்றை அறிந்திருத்தல் வேண்டும்.

பள்ளியைத் தேடுமுன் மருத்துவரைத் தேடுங்கள். டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வகுத்துள்ள முதல் வகுப்பு மருத்துவச் சோதனையில் தேறாதவர்க்கு வணிக விமானி உரிமம் இல்லை. குறை இருப்பின் பணம் கட்டுமுன் தெரிவதே நன்று.

உரிமத்திற்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இதன் பெரும்பகுதி ஒற்றை எஞ்சின் விமானத்தில் கழியும். எஞ்சியவை இரட்டை எஞ்சின் பயிற்சியும், வெளியே பாராமல் கருவிகளைக் கொண்டே பறக்கும் பயிற்சியும் ஆகும். பள்ளியின் தரம் வெளிப்படுவது இவ்விரண்டில்தான்.

எஞ்சின் இரண்டானால் ஆபத்து பாதியாகும் என எண்ணுகிறோம். அப்படியன்று. ஒன்று நின்றவுடன் மற்றதன் இழுவை விமானத்தை ஒரு பக்கமாகத் திருப்பும். விமானி சுக்கான் மிதியைக் காலால் அழுத்தி அதை நேர்ப்படுத்த வேண்டும். வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் சுக்கானின் வலிமை போதாது, விமானம் புரண்டுவிடும். இதைவிடக் கொடியது, பதற்றத்தில் நல்ல எஞ்சினையே நிறுத்திவிடுவது. 1989 சனவரியில் இங்கிலாந்தின் கெக்வொர்த் ஊரருகே போயிங் 737 விமானம் விழுந்து 47 பேர் மாண்டது இவ்வாறே. ஓட்டியவர்கள் அனுபவமிக்க விமானிகள்! பொறுமையுள்ள ஆசிரியர் அருகிலிருந்து, ஓர் எஞ்சினை அடக்கிவைத்துத் திரும்பத் திரும்பப் பழக்குவதன் அருமை இதனால் விளங்கும்.

மேகத்தினுள்ளோ உட்செவி நம்மை ஏய்க்கும். மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கும் விமானம் நேரே செல்வதாகவே தோன்றும். தன் உடல் சொல்வதைத் தள்ளிவிட்டுக் கருவி காட்டுவதை ஏற்கப் பழகவேண்டும். அதில் ஒரு பகுதியைத் தரையிலுள்ள சிமுலேட்டரிலும் கற்கலாம்.

விளம்பரத்தில் இரட்டை எஞ்சின் விமானத்தின் படம் தவறாது இருக்கும். அது பறக்கிறதா என்பதே கேள்வி. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துப் பையன், ஒற்றை எஞ்சின் பயிற்சியை முடித்தபின் பல மாதங்கள் விடுதியில் சும்மா காத்திருந்தான். பள்ளியில் இருந்த ஒரே இரட்டை எஞ்சின் விமானம் உதிரிப் பாகம் வராமல் கொட்டகையில் நின்றது. கட்டணம் முழுவதையும் தந்தையார் முன்னரே செலுத்திவிட்டபடியால் வேறிடம் செல்லவும் வழியில்லை. வட்டி மட்டும் நிற்காமல் ஓடிற்று.

எனவே கட்டணத்தைத் தவணையாக, பறந்த மணிக்கேற்பச் செலுத்த இசைவு கேளுங்கள். இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் பெறுங்கள். வாய்ச்சொல் போதாது. வெளிநாட்டுப் பள்ளியானால், அங்குப் பெறும் உரிமத்தை இந்திய உரிமமாக மாற்ற இங்கே மீண்டும் தேர்வெழுத வேண்டும்; அச்செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். டி.ஜி.சி.ஏ. 2025-ஆம் ஆண்டு முதல் பயிற்சிப் பள்ளிகளைத் தரம்பிரித்து வெளியிட்டு வருகிறது. அதனையும் பார்ப்பது நலம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, நேரில் சென்று ஒரு நாள் முழுவதும் அங்கே இருங்கள். காலையில் எத்தனை விமானங்கள் எழும்புகின்றன, எத்தனை கொட்டகையிலேயே கிடக்கின்றன என எண்ணுங்கள். பின்னர் அலுவலகத்தை விட்டு விடுதிப் பக்கம் நடந்து, பயிற்சியை முடிக்கும் தறுவாயிலுள்ள மாணவரிடம் அவர் சேர்ந்து எத்தனை மாதமாயிற்று என்று கேளுங்கள்.