நின்றாலும் 'ரன்'தான்

2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் நீண்ட வரிசை. போட்ட பணம் போய்விடுமோ என்ற பயத்தில் வாடிக்கையாளர்கள் கால்கடுக்க நின்றார்கள். ஒருவரும் ஓடவில்லை. ஆனாலும் ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் 'பேங்க் ரன்'.

கிரிக்கெட்டிலும் இதே கூத்துதான். பேட்ஸ்மேன்கள் இருவரும் முனை மாறி ஓடினால் ஒரு ரன். பந்து எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டாலோ, நின்ற இடத்திலேயே நான்கோ ஆறோ கணக்கில் ஏறிவிடும்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக 'ரன்' என்ற வினைச்சொல்லை ஆராய்ந்தவர் பீட்டர் கில்லிவர். இந்த ஒரு சொல்லே அவருடைய ஒன்பது மாதங்களை விழுங்கியது. கடைசியில் தேறிய பொருள்கள் 645! 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைதான் 430 பொருள்களோடு முதலிடத்தில் இருந்தது. அதை 'ரன்' முந்தியதற்கு இயந்திரங்களும் ஒரு காரணம். ஆலை, ரயில், மோட்டார், பிறகு கம்ப்யூட்டர் புரோகிராம் என்று புதிதாக வந்ததெல்லாம் 'ரன்' ஆகத் தொடங்கின.

இன்னொரு காரணம் மிகப் பழையது; தமிழ் படித்தவர்களுக்கு எளிதில் பிடிபடுவது. பஸ் ஓடுகிறது, டிரைவர் ஓட்டுகிறார். தன்வினைக்கு ஒரு வடிவம், பிறவினைக்கு இன்னொன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்திலும் இப்படித்தான் இருந்தது. தானே ஓடுவதற்கு 'ரின்னன்', ஓடவைப்பதற்கு 'ஏர்னன்'. காலப்போக்கில் இரண்டும் கலந்து ஒரே 'ரன்' ஆயின. அதனால் குதிரையும் ரன், கம்பெனி முதலாளி செய்வதும் ரன்.

நம் 'ஓடு'ம் லேசுப்பட்டதல்ல. கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, மாதக் கடைசியில் பிழைப்பு எப்படியோ ஓடுகிறது. ஆனால் சளி பிடித்தால் அவர்களுக்கு மூக்கு 'ரன்' ஆகும், நமக்கு ஒழுகும். வேலி அவர்களுக்குத் தோட்டத்தைச் சுற்றி 'ரன்' ஆகும். நமக்கு அது இருக்கிற இடத்திலேயே இருக்கும். அவர்கள் கடையை ஓடவைக்கிறார்கள், நாம் நடத்துகிறோம். நம் கடைகள் கொஞ்சம் நிதானம் போலிருக்கிறது!

இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலேயே இதில் ஒத்துப்போவதில்லை. அதிபர் பதவிக்கு அமெரிக்க வேட்பாளர் 'ரன்' செய்வார். பிரிட்டிஷ் வேட்பாளரோ நாடாளுமன்றத் தேர்தலில், நம்மூர் வேட்பாளரைப் போலவே, நிற்பார்.